நீர் வற்றிய பின்னும்

வடசென்னையில் இந்த நோயை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு" என்பார்கள். காசிமேட்டில் வலை பின்னும் இடத்திலும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் டீக்கடையிலும், திருவொற்றியூர்ச் சந்தையிலும் இதே வாக்கியம்தான். ஒரு பக்க விலாவில் குத்தல், சாயங்காலமானால் காய்ச்சல், வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்கல். ஆஸ்பத்திரிக்குப் போனால் உட்காரவைத்து, முதுகுப் பக்கம் மரக்க ஊசி போட்டு, விலா எலும்புகளின் இடுக்கில் இன்னொரு ஊசியைச் செலுத்தி, வைக்கோல் நிறத்தில் தண்ணீர் எடுக்கிறார்கள். மூச்சு லேசாகிறது. சில நாளில் காய்ச்சலும் விடுகிறது. தண்ணீர் போனது, நோயும் போனது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அது எவ்வளவு ஆபத்தான முடிவு என்பதை 1955-லேயே ரோப்பர், வாரிங் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எண்ணிக் காட்டினார்கள். காசநோய்க்கு மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில், நெஞ்சில் நீர் கோத்து, அது தானாகவே வற்றிப்போன 141 ராணுவ வீரர்களைத் தொடர்ந்து கவனித்த கணக்கு அது. அவர்களில் 92 பேருக்கு, அதாவது ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு, பின்னர் காசநோய் வெளிப்படையாக வந்தது. தண்ணீர் வற்றியபோது அத்தனை பேரும் குணமானவர்களாகவே தெரிந்திருப்பார்கள். இந்த நோயின் தந்திரமே அதுதான். நீர் கோத்திருக்கும்போது நீர் மட்டும் கண்ணில் படுகிறது. நீர் வற்றியதும் எதுவுமே கண்ணில் படுவதில்லை. அந்த நீருக்குப் பின்னால் பார்க்கக் கிடைத்த கருவி சி.டி. ஸ்கேன். அதை யாருக்கு, எந்த நேரத்தில், எந்தக் கேள்வியோடு எடுக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். வடசென்னையில் அந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடச் சிக்கலானது.

முதலில் உறையைப் பற்றி. நுங்கை உரித்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. சுளையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்போல நுரையீரலின் மேல் ஒரு சவ்வு ஒட்டியிருக்கிறது. விலாக்கூட்டின் உட்புறத்தை இன்னொரு சவ்வு பூசியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஓரிரு கரண்டி நீர், மூச்சு விடும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல. நலமாக இருக்கும்போது இந்த உறை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். நுரையீரலின் ஓரத்தில், உறைக்குச் சற்று உள்ளே, காசநோயின் சிறு புண் ஒன்று இருந்து, அது உடைந்து உறைக்குள் சிந்தினால் கதை தொடங்குகிறது. சிந்துகிற கிருமிகள் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கிருமிப் பொருளைக் கண்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தி பெருங்கோபத்தோடு பாய்கிறது. வெள்ளணுக்கள் குவிகின்றன, ரத்தக் குழாய்கள் கசிகின்றன, நீர் ஊறுகிறது. கோத்திருப்பது கிருமியின் பெருக்கத்தால் வந்த நீர் என்பதைவிட உடம்பின் சண்டையால் வந்த நீர் என்பதே சரி.

இதனால் ஒரு பெரிய சங்கடம். எடுத்த நீரில் கிருமியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. வளர்த்துப் பார்த்தாலும் பாதிப் பேருக்குக் கீழேதான். சளியில் சிறப்பாக வேலை செய்யும் மூலக்கூறுப் பரிசோதனைகூட இந்த நீரில் தடுமாறுகிறது. ஆகவே மருத்துவர்கள் சுற்றுவழியில் போகிறார்கள். நீரில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் மிகுந்திருக்கின்றனவா, ஏ.டி.ஏ. என்ற நொதி லிட்டருக்கு 40 அலகைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். காசநோய் மலிந்த ஊரில், இருபது முப்பது வயது ஆளுக்கு, காய்ச்சலோடு ஒரு பக்கம் நீர் கோத்து இந்த இரண்டும் பொருந்தினால், அது காசநோய்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆறு மாத மாத்திரையைத் தொடங்கலாம். அந்த ஆளுக்கு சி.டி. ஸ்கேன் அவசியமே இல்லை என்பது என் கருத்து. ஸ்கேனைப் பற்றி எழுத வந்த நானே இதைச் சொல்கிறேன். காரணம் சென்னையின் சரித்திரத்தில் இருக்கிறது.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். அன்று காசநோய் என்றால் சானடோரியம். டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயரானது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு, இவை இல்லாமல் நோய் தீராது என்று உலகமே நம்பியது. சேத்துப்பட்டு மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி தங்கள் வீட்டுக்கே, சென்னையின் நெருக்கமான ஏழை வீடுகளுக்கே. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகத் தேறினார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட அந்தச் சோதனை வழிவகுத்தது. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பெரிய கட்டடமும் விலை கூடிய ஏற்பாடும் இல்லாமல், ஏழையின் வீட்டிலேயே இந்த நோயை வெல்ல முடியும் என்று நிரூபித்த ஊர் இது. அந்த ஊரில் நின்றுகொண்டு, நெஞ்சில் நீர் கோத்த ஒவ்வொருவரையும் ஸ்கேன் அறைக்கு அனுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் ஸ்கேன் யாருக்கு?

இன்னொருவரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. இளமையில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை, பிறகு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலி, முப்பது வருஷமாகப் பீடி. இவருக்கும் ஒரு பக்கம் நீர் கோத்திருக்கிறது. காய்ச்சல் பெரிதாக இல்லை. விலாவில் ராத்திரி தூங்கவிடாத வலி. உடம்பு வற்றிக்கொண்டே போகிறது. எடுத்த நீரில் ரத்தம் கலந்த சாயல். நீரில் லிம்போசைட் மிகுந்திருக்கிறது. "டி.பி. மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்ற வாக்கியம் இங்கேதான் உயிரைக் குடிக்கும். காசநோய் மலிந்த ஊரில் எல்லா நீரும் காசநோய் நீராகத் தெரிவது இயற்கை. ஆனால் இதே நீர் நுரையீரல் புற்றுநோயிலும் கோக்கும், நிணநீர்ப் புற்றிலும் கோக்கும், ஆஸ்பெஸ்டாஸ் தூள் பல வருஷம் கழித்து உறையில் உண்டாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றிலும் கோக்கும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, குறையவில்லை என்று திரும்பி வரும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

துறைமுக, தொழிற்சாலை வட்டாரத்தின் தனிச் சிக்கல் இதுதான். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிறுத்தப்படும்வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி குவிந்து கிடந்தது. ராயபுரத்தில் கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் கறுக்கும். நிலக்கரி பிறகு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், தண்ணீரில் கரைத்துக் குழாய்வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. சாம்பலால் உறையில் காசநோய் வருகிறது என்று நான் சொல்லவில்லை. சிலிக்கா கலந்த தூளைப் பல வருஷம் சுவாசித்தவர்களுக்குக் காசநோய் எளிதில் பற்றும் என்பது பழைய உண்மை. ஆஸ்பெஸ்டாஸ் வேறு வகை. உலகெங்கும் பழைய கப்பல்களின் எஞ்சின் அறையிலும், மின் நிலையங்களின் நீராவிக் குழாய்க் காப்புறையிலும் அது நெடுங்காலம் பயன்பட்டது. இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இன்றும் இறக்குமதியாகிக் கூரைத் தகடாகிறது. இந்தத் தூள் உறையில் பதிந்து தழும்பாக வெளிப்பட இருபது முப்பது வருஷம் ஆகும். புற்றாக மாற அதற்கும் மேல். ஆகவே இந்த வட்டாரத்தில் ஒரே மார்புக்குள் பழைய காசநோய்த் தழும்பும், ஆஸ்பெஸ்டாஸ் தழும்பும், புதிய நீரும் ஒன்றாக இருக்க முடியும். சாதாரண எக்ஸ்ரேயில் இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே வெள்ளைப் பூச்சாகத் தெரியும்.

எக்ஸ்ரே ஒரு நிழல். மார்பு முழுவதையும் ஒரே தாளில் அழுத்தி வைப்பது. நின்றபடி எடுத்த படத்தில் நீர் தெரிய ஏறத்தாழ 200 மில்லிலிட்டராவது கோத்திருக்க வேண்டும். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டபோது இந்த நிழல்களைப் பிரிக்கும் வழி பிறந்தது. உடம்பைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே செலுத்தி, எந்தப் புள்ளி எவ்வளவு கதிரை விழுங்கியது என்று கணக்கிட்டு, குறுக்கே வெட்டிய துண்டாக அதைக் காட்டுவது. அந்தக் கணக்குக்கான அலகுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் என்றால் பூஜ்யம், காற்று என்றால் கழித்தல் ஆயிரம், கொழுப்பு கழித்தல் நூறு அளவில், சுண்ணாம்பு ஏறிய தழும்பு நூற்றுக்கணக்கில். கருவியை வடிவமைத்தவருக்கும், அதன் கணிதத்தை முன்பே எழுதிவைத்த ஆலன் கார்மாக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரே மூச்சைப் பிடித்து நிறுத்தும் நேரத்தில் முழு மார்பும் படமாகிவிடுகிறது.

இனி ஒரு படத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். நோயாளியின் காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதுபோல் துண்டுகள் அமைந்திருக்கும். ஆகவே அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். கீழே முதுகெலும்பு வெள்ளையாக. மல்லாந்து படுத்திருப்பதால் நீர் பின்பக்கம் பிறைபோல் தேங்கி நிற்கும். இப்படி ஓடித் தேங்கினால் அது இன்னும் தளர்ந்த நீர். முன்பக்கமோ பக்கவாட்டிலோ, புவியீர்ப்புக்குக் கட்டுப்படாமல், கண்ணாடி வில்லைபோல் உப்பி நின்றால் அது தடுப்புக்குள் மாட்டிக்கொண்ட நீர். அடுத்துப் பார்க்க வேண்டியது உறை. கை நரம்பில் அயோடின் மருந்து ஏற்றி, உடனே படமெடுக்காமல் சுமார் ஒரு நிமிடம் பொறுத்து எடுத்தால், அழற்சியுற்ற உறை மருந்தை உறிஞ்சி ஒளிரும். உள் உறை ஒரு கோடு, வெளி உறை ஒரு கோடு, நடுவில் கறுத்த நீர். இரு இதழும் பிரிந்து நிற்பதுபோன்ற இந்தத் தோற்றம் நீர் சீழாகியிருக்கலாம் என்பதைச் சொல்லும். வெளி உறைக்கும் விலா எலும்புக்கும் இடையில் கொழுப்பு ஒரு கறுத்த பட்டையாகத் தடித்திருந்தால் நோய் புதியதல்ல, நெடுநாளாகக் கனன்றுகொண்டிருக்கிறது. சில நேரம் சீழ் விலா இடுக்கைத் துளைத்து வெளியே வந்து தோலுக்கு அடியில் வலியில்லாத குளிர்ந்த கட்டியாக நிற்கும். கட்டியை மட்டும் கீறினால் ஆறாது. உள்ளேயும் வெளியேயும் இருப்பது ஒரே சீழ் என்பதை ஸ்கேன் ஒரே துண்டில் காட்டிவிடும்.

பிறகு திரையில் வெளிச்சத்தை மாற்றி நுரையீரலுக்குள் பார்க்க வேண்டும். உறைக்கு ஒட்டினாற்போல் கேழ்வரகு தூவியதுபோன்ற புள்ளிகள், அரும்பு கட்டிய சிறு குச்சிகள்போல் தெரியும் மூச்சுக் கிளைகள், மேல் மடலில் சிறு குழிவு. இவை கண்ணில் பட்டால் காசநோய்க்கு வலுவான சாட்சி. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று எழுதப்பட்ட பலருக்கும் இவை இருக்கின்றன. 2006-இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், உறைக் காசநோய் உறுதியான 106 பேரை ஸ்கேன் எடுத்தபோது 86 சதவீதம் பேருக்கு நுரையீரலுக்குள்ளும் மாற்றங்கள் இருந்தன. இதன் பொருள் பெரிது. உறைக் காசநோய் மட்டும் என்றால் அது வெளியே பரவாத வகை என்று கணக்கில் எழுதிவிட்டு, வீட்டிலுள்ள குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டுவிடுவது வழக்கம். நுரையீரலுக்குள்ளும் புண் இருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அவர் நுரையீரல் காசநோயாளி. அவரோடு ஒரே அறையில் தூங்குகிறவர்களையும் பரிசோதித்தாக வேண்டும்.

இதே உண்மையை ஸ்கேன் இல்லாமலும் எட்டிப் பிடிக்கலாம். உறைக் காசநோயாளிகளுக்குச் சளி வருவதில்லை என்பதால் சளிப் பரிசோதனையே செய்யாமல் விடுகிறார்கள். 2003-இல் பிரேசிலில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். உப்பு நீர் ஆவியைச் சுவாசிக்கவைத்து, அதனால் வரும் சளியை வளர்த்துப் பார்த்தார்கள். உறைக் காசநோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு, அந்தச் சளியில் கிருமி வளர்ந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தவர்களிலும் விளைவு அப்படியே. ஒரு நெபுலைசரும் உப்பு நீரும் போதும். கிருமி கையில் கிடைத்தால் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்றும் சோதிக்கலாம். எந்த ஸ்கேனாலும் அதைச் சொல்ல முடியாது. வடசென்னையின் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முதலில் வர வேண்டியது இதுதான் என்பேன்.

மீண்டும் அந்த ஐம்பத்தைந்து வயதுக்காரரிடம் வருவோம். அவர் விஷயத்தில் ஸ்கேனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த உறை வீங்கியிருக்கும் விதம் நல்லதா, கெட்டதா? 1990-இல் லியுங், முல்லர், மில்லர் என்ற மருத்துவர்கள் நான்கு அடையாளங்களை வகுத்தார்கள். உறை நுரையீரலை முழுவதுமாகச் சுற்றி வளையம்போல் தடித்திருப்பது, முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பது, வெளி உறை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருப்பது, இதயத்தை ஒட்டிய பக்கத்து உறையும் சேர்ந்து தடித்திருப்பது. இவை இருந்தால் புற்று என்று சந்தேகிக்க வேண்டும். முழு வளையம் என்ற அடையாளம் புற்று இல்லாத ஒருவரிடமும் அவர்கள் ஆய்வில் காணப்படவில்லை. மற்ற அடையாளங்கள் ஒவ்வொன்றும் புற்று இல்லாதவர்களில் 88 முதல் 94 சதவீதம் பேரிடம் இல்லை. ஆனால் தனித்தனியாக எடுத்தால், ஒவ்வோர் அடையாளமும் புற்று உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இல்லாமலும் இருந்தது. இருந்தால் சந்தேகம் வலுக்கும். இல்லை என்பதால் நிம்மதியாகிவிட முடியாது. காசநோயில் உறை பெரும்பாலும் மழமழவென்று ஒரே சீராக, ஒரு சென்டிமீட்டருக்குள் தடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தழும்பு இரு பக்கமும், விலா ஓரமாகவும் உதரவிதானத்தின் மேலும் திட்டுத்திட்டாகப் படியும். பழைய காசநோய்த் தழும்பு பெரும்பாலும் ஒரே பக்கம், ஓடுபோல் சுண்ணாம்பு ஏறி, அந்தப் பக்கத்து விலா எலும்புகளை நெருக்கி இழுத்திருக்கும். படிக்கத் தெரிந்தவர் இவற்றைப் பிரித்துவிடுவார். பிரித்த பிறகும் சந்தேகமான இடத்தில் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பதே தீர்ப்பு. அதற்கும் ஸ்கேன்தான் வழிகாட்டி. கண்ணை மூடிக்கொண்டு ஊசி குத்திச் சதை எடுப்பதையும், ஸ்கேன் பார்த்துத் தடித்த இடத்தில் குத்தி எடுப்பதையும் 2003-இல் இங்கிலாந்தில் ஒப்பிட்டார்கள். புற்றைக் கண்டுபிடிப்பதில் முன்னது 47 சதவீதம், பின்னது 87.

இங்கே ஒரு நடைமுறைக் குறை என்னை உறுத்துகிறது. நம்மிடம் வரும் படங்களில் பல, நீரை முழுவதும் வடித்த பிறகு, நரம்பில் மருந்து ஏற்றாமல் எடுக்கப்பட்டவை. இரண்டு உறையும் ஒட்டிப்போன பிறகு எது தடித்தது, எது முடிச்சு என்று பார்க்கவே முடியாது. நீர் முழுவதும் வடிவதற்கு முன், அயோடின் மருந்தோடு எடுக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் மார்பு நோய் மருத்துவர்கள் வகுத்த நெறி, காரணமும் எளியது. நீர் இருக்கும்போதுதான் உறையின் கரை தெரியும், ஏரி நிறைந்திருக்கும்போது கரையின் வளைவு தெரிவதுபோல. மூச்சு முட்டுகிறவருக்கு நீரை எடுத்துத்தான் ஆக வேண்டும். கொஞ்சம் மிச்சம் வைத்து அனுப்பினால் போதும். தினக்கூலியில் மிச்சம்பிடித்து, வளையலை அடகுவைத்து எடுத்த படம் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் போவது கொடுமை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அந்த மருந்தை யோசித்துத்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது கணித மேதை ராமானுஜன் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் 1917-இல் நோயுற்று, காசநோய் என்று சானடோரியங்களில் கிடந்து, ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். பிற்காலத்தில், 1994-இல், டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை அலசி, அது காசநோயாக இருந்திருக்காது, கல்லீரல் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். எது உண்மை என்று இனி யாராலும் தீர்க்க முடியாது. ஆனால் நம் விஷயத்துக்கு இது தொலைவில் இல்லை. கல்லீரலில் அமீபாச் சீழ்க்கட்டி வந்தால் உதரவிதானத்தைத் தாண்டி வலப்பக்க உறையிலும் நீர் கோக்கும். கட்டி உடைந்தால் சீழே மார்புக்குள் இறங்கும். காய்ச்சல், எடைக் குறைவு, வலப்பக்க வலி, மார்பில் நீர் என எல்லாம் காசநோயைப் போலவே. மார்பு எக்ஸ்ரே உதரவிதானத்தோடு நின்றுவிடும். ஸ்கேன் கீழே இறங்கிக் கல்லீரலையும் காட்டும். இன்று அந்தச் சந்தேகம் ஒரு மூச்சு நேரத்தில் தீரும். அதைத் தீர்க்கும் கருவி இல்லாத காலத்தில் அந்த மனிதர் வாழ்ந்தார் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஸ்கேனால் முடியாததையும் சொல்ல வேண்டும். நீருக்குள் சிலந்தி வலைபோல் பின்னியிருக்கும் மெல்லிய இழைகள் அதில் சரியாகத் தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் மேல், மலிவும்கூட, படுக்கைக்கே கொண்டுவரலாம், கதிர்வீச்சும் இல்லை. ஒரு மார்பு சி.டி.யில் படும் கதிர், நம் மேல் இயற்கையாக ஓராண்டில் படுவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நாற்பது வயதுக்காரருக்குப் பொருட்படுத்த வேண்டாத அளவுதான், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அப்படி இல்லை. இன்னொன்று: மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்தில் சிலருக்கு நீர் கூடும், நிணக்கட்டி பெருக்கும். கிருமி செத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பின் கோபம் தூண்டப்படுவதால் வரும் விளைவு இது. அந்த நேரத்தில் பதறிப்போய் ஸ்கேன் எடுத்தால் படம் மோசமாகத்தான் தெரியும். மருந்து தோற்றது என்று நினைத்து மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. நிறுத்தக் கூடாது.

ஆறு மாதம் முடிந்த பிறகு வருவது அடுத்த கட்டம். உறைக் காசநோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் உறை தடித்தே நிற்கும். பலருக்கு அது படத்தில் மட்டும்தான். மூச்சில் குறை தெரியாது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. ஐஸ் பெட்டி தூக்கி விசைப்படகில் ஏற்றுகிறவருக்கும், எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிறவருக்கும் நுரையீரலில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அது கூலியில் குறையும். ஸ்டீராய்டு கொடுத்தால் தழும்பு குறையும் என்று நெடுநாள் நம்பினார்கள். நீர் சீக்கிரம் வற்றுகிறதே தவிர, பிற்கால மூச்சுத் திறனில் அதனால் தெளிவான லாபம் கிடைக்கவில்லை. 2016-இல் வெளியான இந்திய நெறிமுறையும் உறைக் காசநோய்க்கு அதை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. தழும்பு மிக அதிகமாகி நுரையீரல் ஓட்டுக்குள் சிக்கிக்கொண்டவர்களுக்கு அந்த ஓட்டை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. 1890-களில் நியூயார்க்கில் ஃபௌலரும் பாரிஸில் டெலார்மும் தொடங்கிவைத்தது. எப்போது உரிக்கலாம், உரித்தால் உள்ளே இருக்கும் நுரையீரல் விரியுமா என்ற கேள்விகளுக்கு இங்கே ஸ்கேனைவிட நல்ல பதில் வேறெதிலும் இல்லை. உள்ளே மூச்சுக் கிளைகள் சிதைந்து, நுரையீரலே சுருங்கிப்போயிருந்தால் உரித்துப் பயனில்லை. நுரையீரல் நன்றாக இருந்து, ஓடு மட்டும் கெட்டி என்றால், மறுபடியும் வலை இழுக்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. மாத்திரை முடிந்த பிறகும் பல மாதம் உறை தானாக மெலிந்துகொண்டே வரும்.

ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையை வயதானவர்கள் இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் தொடர்ச்சி அது. அங்கே மார்பு நோய்ப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களின் கையில் மஞ்சள் பை இருக்கும், பைக்குள் சுருட்டிய எக்ஸ்ரே இருக்கும். பலரிடம் இன்று எடுத்தது மட்டும்தான் இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்பு எடுத்தது பரணில் இருந்தது, வீடு மாறும்போது போனது, 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் எண்ணெய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது போனது. அந்தப் பழைய படத்துக்கு இருக்கும் மதிப்பு பலருக்குத் தெரியாது. ஒரு தடிப்பு பத்து வருஷமாக ஒரு மில்லிமீட்டர்கூட வளராமல் இருக்கிறது என்றால் அது தழும்பு. ஊசியும் வேண்டாம், பயமும் வேண்டாம். போன வருஷம் இல்லாத இடத்தில் இந்த வருஷம் முளைத்திருந்தால் அன்றைக்கே படுக்கையில் சேர்க்க வேண்டும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிற விஷயம் இது. அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் புதுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்: "பழைய படம் ஏதாவது வீட்ல இருக்காம்மா? எவ்வளவு பழசா இருந்தாலும் பரவாயில்ல, எடுத்துட்டு வாங்க."